லாரியன் சுரங்கத்தை விட்டுவிட்டு ஏதென்ஸைப் பற்றிப் பேசாதீர்கள்

கி.மு. 472-ல் ஏதென்ஸில் எஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் அரங்கேறியது. செலவை ஏற்றுக்கொண்டவர், பின்னாளில் ஏதென்ஸின் பெருந்தலைவரான பெரிக்ளிஸ், அப்போது இளைஞர். அதில் பாரசீக அரசி தன் நாட்டுப் பெரியவர்களிடம் ஏதென்ஸ்காரர்களைப் பற்றி விசாரிக்கிறாள். அவர்களிடம் செல்வம் இருக்கிறதா? வெள்ளி ஊற்று ஒன்று இருக்கிறது, பூமியின் புதையல் என்று பதில் வருகிறது. அவர்களுக்கு எசமானன் யார்? அவர்கள் எந்த மனிதனுக்கும் அடிமைகள் அல்ல, எவனுக்கும் அடங்கியவர்களும் அல்ல.

இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே நாலே வரி தூரம்தான். ஆனால் அந்த வெள்ளியை லாரியன் சுரங்கங்களுக்குள் இறங்கி வெட்டி எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோருமே அடிமைகள். அரங்கில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். "ஜனநாயகம் பிறந்த மண்" என்று அக்ரோபோலிஸ் படம் போட்டு வரும் பதிவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நாலு வரிதான் ஞாபகம் வருகிறது.

முதலில் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகா சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். பாறையும் குன்றும் போக மிஞ்சுவது மெல்லிய மண். பார்லி விளையும், ஆலிவும் திராட்சையும் நன்றாக வரும். கோதுமைக்குப் பெரிய அளவில் கருங்கடல் பக்கத்திலிருந்து வரும் கப்பல்களைத்தான் நம்பியிருந்தார்கள். தன் சோற்றைக் கடல் கடந்து வரவழைத்த ஊர் அது. இப்படிப்பட்ட மண்ணின் தெற்கு முனையில், லாரியன் குன்றுகளுக்கு அடியில், வெள்ளி கலந்த ஈயத்தாது இருந்தது.

கி.மு. 483 வாக்கில் அங்கே புதிதாக ஒரு செழிப்பான தாதுப்படுகை அகப்பட்டது. ஆளுக்குப் பத்து திராக்மா வெள்ளிக்காசு பங்கு போட்டுக்கொள்ளலாம் என்றுதான் முதலில் பேச்சு. தெமிஸ்டோகிளீஸ் என்ற தலைவர் குறுக்கே வந்து, அந்தக் காசில் போர்க்கப்பல் கட்டுவோம் என்று மக்களைச் சம்மதிக்க வைத்தார். மூன்று ஆண்டு கழித்து சலாமிஸ் ஜலசந்தியில் பாரசீகக் கடற்படையை உடைத்தது அந்தக் கப்பல்கள்தான்.

அந்தக் கப்பலைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். பெயர் டிரைரீம். ஒரு கப்பலில் துடுப்பு வலிக்க மட்டும் 170 பேர், மூன்று அடுக்காக உட்காருவார்கள். கீழடுக்கில் இருப்பவனுக்குக் கடலே தெரியாது, குழல் ஊதுகிறவன் தரும் தாளத்துக்கு வலிக்க வேண்டியதுதான். ஒவ்வொருவனுக்கும் ஒரு துடுப்பு, உட்கார ஒரு மெத்தை, துடுப்பைக் கட்டிக்கொள்ள ஒரு தோல்வார். ஒருமுறை ஏதென்ஸின் எதிரியான ஸ்பார்ட்டாவின் அணி மாலுமிகள் இந்த மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு கொரிந்திலிருந்து எதிர்க்கடற்கரைக்கு நடந்தே போனதை அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதியிருக்கிறார். சினிமாவில் காட்டுவதுபோல் சங்கிலியில் பூட்டிய அடிமைகள் அல்ல இவர்கள். ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பாலும் கூலி வாங்கி வேலை செய்த சுதந்திரமான ஏழைகள். கவசமும் ஈட்டியும் வாங்க வக்கில்லாத குடிமக்கள் இவர்களில் ஏராளம்.

அவர்கள் கை ஓய்ந்தால் கப்பல் நின்றுவிடும், கப்பல் நின்றால் கோதுமை வராது. அந்த பலத்தில்தான் அவர்கள் மக்கள் சபை கூடிய பினிக்ஸ் குன்றில் ஏறி, பணக்காரனுக்குச் சமமாகக் கை தூக்கி வாக்களித்தார்கள். ஜனநாயகத்தை வெறுத்த பெயர் தெரியாத ஒரு பழைய ஏதென்ஸ்காரரே, நகரத்துக்கு வலிமை தருவது கப்பல் ஓட்டும் மக்கள்தான், அதனால் அவர்களுக்கு அதிகாரம் போவது நியாயம் என்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஜனநாயகத்தைத் தத்துவ ஞானிகள் கொடுத்தார்கள் என்று எழுதுகிறவர்கள் கால வரிசையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜனநாயகத்துக்கு அடித்தளம் போட்ட கிளைஸ்தெனீஸ் சீர்திருத்தம் கி.மு. 508-ல் நடந்தது. சாக்ரடீஸ் பிறந்ததே அதற்கு நாற்பது ஆண்டுகள் போலக் கழித்துத்தான். பிளேட்டோவுக்கு ஜனநாயகம் கடைசிவரை பிடிக்கவில்லை. அந்த ஆட்சியைத் தாங்கிப் பிடித்தது துடுப்பு வலித்துக் காய்ப்புக் காய்ச்சிய கைகள்.

இவ்வளவும் எனக்கு மனதார மகிழ்ச்சி தருகிற வரலாறு. ஏழைக்கு இப்படி ஓர் இடம் கொடுத்த அரசுகள் பழைய உலகில் அபூர்வம். அதனால்தான் மறுபக்கம் இன்னும் அதிகமாக வலிக்கிறது.

லாரியனில் இன்றும் அந்தச் சுரங்கப் பாதைகள் இருக்கின்றன. பல இடங்களில் ஒரு மீட்டர் உயரம்கூடக் கிடையாது. தவழ்ந்துதான் போக முடியும், படுத்துக்கொண்டுதான் உளி அடிக்க முடியும். உளித் தடம் இன்னும் சுவரில் தெரிகிறது. வெளிச்சத்துக்குச் சின்னச் சின்ன எண்ணெய் விளக்குகள். மேலே கொண்டுவந்த தாதுவை இடித்து, அரைத்து, சாய்ந்த மேடைகளில் தண்ணீர் விட்டு அலசுவார்கள். லேசான கல்தூள் அடித்துக்கொண்டு போகும், கனமான தாது தங்கும். வறண்ட பகுதி என்பதால் மழைநீரைப் பெரிய தொட்டிகளில் தேக்கி, அலசிய நீரையே மறுபடியும் திருப்பிப் பயன்படுத்தினார்கள். தொட்டிகளுக்குப் பூசிய சாந்தை இன்று பார்த்தாலும் ஆச்சரியமாக இருக்கும். கடைசியில் உலையில் உருக்கி, புடம்போட்டு, ஈயத்திலிருந்து வெள்ளியைப் பிரித்தார்கள். அந்த ஈயப்புகை யார் நெஞ்சுக்குள் போயிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

நிக்கியாஸ் என்ற தளபதிக்கு இந்தச் சுரங்கங்களில் ஆயிரம் அடிமைகள் இருந்தார்கள். அவர்களைக் குத்தகைக்கு விட்டு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓர் ஓபோல் (ஆறு ஓபோல் ஒரு திராக்மா) வாடகை வாங்கினார் என்று சாக்ரடீஸின் சீடர் செனோஃபோன் எழுதுகிறார். அதே காலத்து ஏதென்ஸில் நீதிமன்றத்தில் ஜூரியாக உட்காரும் குடிமகனுக்கு ஒரு நாள் படி முதலில் இரண்டு ஓபோல், பிறகு மூன்று. ஏழையும் நீதிபதியாக உட்கார வழிசெய்த அருமையான ஏற்பாடு அது. அந்தக் காசிலும் லாரியன் வெள்ளி இருந்தது.

செனோஃபோன் தரும் இன்னொரு காட்சியை என்னால் மறக்கவே முடியவில்லை. பிளேட்டோவின் அண்ணன் கிளாக்கோன், இருபது வயதுகூட ஆகாமல் அரசியலுக்கு வரத் துடிக்கிறான். சாக்ரடீஸ் அவனைப் பிடித்து உட்காரவைத்துக் கேள்வி கேட்கிறார். வெள்ளிச் சுரங்கத்துக்கு நீ போனதில்லை என்று தெரியும், முன்பைவிட இப்போது வரும்படி ஏன் குறைந்தது என்று உன்னால் சொல்ல முடியாதே என்கிறார். ஆமாம், போனதில்லை என்கிறான். அது உடம்புக்கு ஆகாத இடம் என்கிறார்கள், ஆலோசனை சொல்ல வேண்டி வந்தால் அந்தச் சாக்கே உனக்குப் போதும் என்று சாக்ரடீஸ் கேலியாக முடிக்கிறார். அங்கே இருந்த ஆயிரக்கணக்கானவர்களின் உடம்பைப் பற்றி, எதையும் கேட்காமல் விடாத அந்த மனிதர்கூட இந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அந்தக் காலத்தில் எல்லா நாட்டிலும்தான் அடிமைகள் இருந்தார்கள்" என்று கமெண்டில் சொல்வார்கள். இருந்தார்கள்தான். ஆனால் அடிமைத்தனம் இயற்கைக்கு விரோதமானது, வெறும் பலத்தால் நிற்பது என்று வாதிட்டவர்கள் அங்கேயே இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லத்தான் அரிஸ்டாட்டில் தன் 'அரசியல்' நூலின் தொடக்கத்திலேயே மெனக்கெடுகிறார். ஆகவே காலத்தின் மேல் பழி போட்டுத் தப்பிக்க முடியாது.

ஸ்பார்ட்டாவுடன் நடந்த நீண்ட போரின் நடுவே, கி.மு. 413-ல், நிக்கியாஸின் படை சிசிலித் தீவில் தோற்றது. அவரைக் கொன்றுவிட்டு, ஏழாயிரத்துக்குக் குறையாத வீரர்களைச் அங்குள்ள சிரக்கூஸ் நகரத்தின் கல்குவாரியில் அடைத்தார்கள். பகலில் வெயில், இரவில் குளிர், செத்தவர்களும் பக்கத்திலேயே. ஆளுக்கு ஒரு நாளைக்குக் கால் லிட்டர் அளவுதான் தண்ணீர், கொஞ்சம் தானியம். துசிடிடீஸ் அந்த அளவைக்கூடத் துல்லியமாகக் குறித்திருக்கிறார், படித்தால் நெஞ்சு பதறும். லாரியனில் ஓர் ஆளுக்கு எவ்வளவு தண்ணீர் கொடுத்தார்கள் என்று அவர் ஒரு வரி எழுதவில்லை. இத்தனைக்கும் அவருக்கே திரேஸ் பக்கம் தங்கச் சுரங்க உரிமை இருந்தது.

அதே ஆண்டில் ஸ்பார்ட்டா படை அட்டிகாவுக்குள் டெக்கிலியாவில் கோட்டை கட்டி உட்கார்ந்தது. வாய்ப்புக் கிடைத்ததும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிமைகள் ஏதென்ஸை விட்டு ஓடினார்கள். அந்த நகரத்தைப் பற்றி அவர்கள் கால்களால் சொன்ன கருத்து இது. எந்தப் புகழ்ச்சிக் கட்டுரையிலும் இந்த எண் வருவதில்லை.

ஏழு ஆண்டு கழித்து, அர்கினூசே கடற்போரில் துடுப்பு வலிக்க ஆள் போதவில்லை. ஏதென்ஸ் அடிமைகளைக் கப்பலில் ஏற்றியது. வென்று திரும்பியதும் அவர்களுக்கு விடுதலையும் குடியுரிமையும் கிடைத்தது. மறு ஆண்டே நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் அதை மேடையில் பேசுகிறார். மனசு வைத்தால் முடியும் என்று ஏதென்ஸே நிரூபித்துக் காட்டிய தருணம் அது, காலம் கடந்து வந்த தருணமும்கூட. இரண்டே ஆண்டில், கோதுமைக் கப்பல் வழி அடைபட்டு, பட்டினியில் நகரம் சரணடைந்தது.

கிரேக்கம் போகிறவர்கள் சூனியன் முனையில் பொசைடன் கோயிலைப் பார்க்கத் தவறுவதில்லை. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே தோரிக்கோஸ் இருக்கிறது. கல்லில் கட்டிய கிரேக்க அரங்குகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அதன் படிக்கட்டு இருக்கைகளிலிருந்து நாலு எட்டு வைத்தால் சுரங்க வாய், பக்கத்திலேயே தாது அலசும் மேடை. அரை நாள் ஒதுக்கி இரண்டையும் பாருங்கள், படம் எடுத்துப் போடும்போது சுரங்க வாயையும் சேர்த்துப் போடுங்கள்.