மூச்சால் வாசிப்பதும் வாசிப்புதான்

கண்ணசைவாலோ மூச்சாலோ இயங்கும் கருவிகளில் கணினியே இசையை உருவாக்குகிறது, மாற்றுத்திறனாளி அதைத் தொடங்கி மட்டுமே வைக்கிறார் என்று சொல்லப்படுவது தவறு.

மேஜிக் ஃபுளூட் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். தாங்கியில் பொருத்தப்பட்ட அதன் ஊதுமுனையை வாயில் வைத்துத் தலையைச் சற்றே உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ ஸ்வரம் மாறும். ஊதும் அழுத்தம் கூடக்கூட ஒலி வலுக்கும், மூச்சு நின்றால் ஒலியும் நின்றுவிடும். ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கி, வளர்த்து, தேய்ந்து மறையவிடுவது முழுக்க வாசிப்பவரின் மூச்சிலும் கழுத்திலும்தான் இருக்கிறது. புல்லாங்குழல் கலைஞர் சுமக்கும் அதே பொறுப்பு இது. ஐஹார்ப் கருவியில் வட்டமாக அமைந்த ஸ்வரங்களைப் பார்வையால் தொட வேண்டும். இயல்பாகவே அலைபாயும் கண்ணைத் தாளம் தப்பாமல் உரிய இடத்தில் நிறுத்துவதற்குக் கடும் பயிற்சி வேண்டும்.

1995-இல் நடந்த கார் விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்த டிரம்பெட் கலைஞர் கிளாரன்ஸ் அடூ, தலையசைவாலும் மூச்சாலும் இயங்கும் ஹெட்ஸ்பேஸ் கருவியுடன் மேடைக்குத் திரும்பினார். அவர் அங்கம் வகித்த, மாற்றுத்திறனாளி கலைஞர்களின் இசைக்குழுவான பிரிட்டிஷ் பாராஆர்கெஸ்ட்ரா, 2012 லண்டன் பாராலிம்பிக் நிறைவு விழாவில் வாசித்தது. அந்த உழைப்பைப் பொத்தான் அழுத்துவதாகச் சுருக்குவது பெரும் அநீதி.

குறிப்பிட்ட ஸ்வரங்கள் மட்டுமே ஒலிக்குமாறு அமைத்துக்கொள்ளும் வசதி இத்தகைய கருவிகளை இயக்கும் மென்பொருள்கள் சிலவற்றில் உண்டு என்பது உண்மையே. ஆனால் மவுத் ஆர்கன் எனப்படும் சாதாரண ஹார்மோனிக்காவும் அப்படித்தான் அமைந்திருக்கிறது. அதை வாசிப்பவரைக் கலைஞர் அல்ல என்று யாரும் சொல்வதில்லை.