குடும்பத்தோடும் யாராவது உட்கார்ந்து பேசுங்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான மையங்களில் சோஷியல் வொர்க்கர் என்றாலே சான்றிதழ், உதவித்தொகை, விண்ணப்பம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்த வேலைகள் தேவைதான். ஆனால் அவர்கள் படித்துவிட்டு வருவது அதற்கு மட்டுமல்ல. ஒரு குடும்பத்துக்குள் இருக்கும் துக்கம், கோபம், களைப்பு, பணக்கவலை, யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது வரை கேட்டு, அதிலிருந்து வெளியே வர வழி பார்ப்பதும் அவர்கள் வேலை. அதுவும் சிகிச்சைதான். பிசியோதெரபியை விட்டுவிடக் கூடாது என்று சொல்வதுபோலவே இதையும் விடக்கூடாது என்று சொல்ல வேண்டும்.

செரிபரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை, உள்ள தம்பியோடு வளர்ந்த அக்காவாக இதை எழுதுகிறேன்.

பிசியோதெரபிஸ்ட் காலையும் மாலையும் கால் தசையை நீட்டிவிடச் சொல்வார். ஸ்பீச் தெரபிஸ்ட் ஊட்டும்போது தலையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுவார். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், நேரமானாலும் பரவாயில்லை, சட்டைப் பொத்தானை அவனே போடட்டும் என்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியான அறிவுரை. எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு நாளுக்குள் அடங்காது. அப்படிக் கூட்டிப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அடுத்த முறை போகும்போது "வீட்ல செய்றீங்களாம்மா?" என்று கேட்பார்கள். அம்மா தலையைக் குனிந்துகொள்வார்.

பிறகு வந்த ஒரு சோஷியல் வொர்க்கர், பயிற்சி பற்றி எதுவும் கேட்காமல் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். நடுவில் ஒரு வட்டம், அது எங்கள் வீடு. சுற்றிலும் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அப்பாவின் வேலை, சொந்தக்காரர்கள், அம்மாவின் தோழிகள் என்று சின்னச் சின்ன வட்டங்கள். நல்ல உறவென்றால் தடித்த கோடு, பலவீனமென்றால் புள்ளிக்கோடு, உரசல் இருந்தால் குறுக்கு வெட்டுகள். யாரிடமிருந்து யாருக்கு உழைப்பு போகிறது என்பதற்கு அம்புக்குறி. ஈகோமேப் என்பார்கள். 1970களில் ஆன் ஹார்ட்மன் என்ற சமூகப்பணிப் பேராசிரியர் உருவாக்கிய முறை. அம்மா பெயரிலிருந்து அம்புகள் வெளியே போய்க்கொண்டே இருந்தன. அவரை நோக்கி ஒன்றுகூட வரவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் அழுதார். அந்த அம்மணி "அழாதீங்க" என்று சொல்லவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் தெரபிஸ்டுகளிடம் அவரே பேசி, உடை மாற்றும்போதே செய்யக்கூடிய சில பயிற்சிகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் குறைக்கச் செய்தார். மாலைப் பொறுப்பு அப்பாவிடம் போனது. இதை வெறும் ஆறுதல் வார்த்தை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

"ஏத்துக்கோங்க, எல்லாம் சரியாயிடும்" என்று பெற்றோரிடம் சொல்கிறவர்கள் அதைக் கொஞ்சம் நிறுத்த வேண்டும். அமெரிக்கரான சைமன் ஓல்ஷான்ஸ்கி, அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரை வைத்து 1962லேயே இதைப் பற்றி எழுதினார். இந்தப் பெற்றோருக்கு வரும் தீராத துயரம் நோயல்ல, இயல்பானது. அதை மனக்கோளாறாகப் பார்த்து, சீக்கிரம் ஏற்றுக்கொள்ளச் சொல்லி நெருக்கக் கூடாது என்பது அவர் வாதம். ஒரே வயதுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கும்போது, வேலைக்குப் போகும்போது அது திரும்பவும் தலைதூக்கும். அன்போடு வளர்க்கிற அம்மாவுக்கும் வரும்.

ஆனால் இந்தத் துயரத்தைப் பிள்ளையின் தலைக்கு மேலே வைத்துப் பேசக்கூடாது. நான் தான் இவர்களுடைய கஷ்டம் என்று கேட்டுக்கொண்டே ஒரு குழந்தை வளரக்கூடாது. தானே சக்கர நாற்காலியில் இருந்த பிரிட்டிஷ் சமூகவியலாளர் மைக் ஆலிவர், சோஷியல் வொர்க்கர்களுக்கு 1980களில் அழுத்திச் சொன்னது இதற்குப் பொருந்தும்: ஒருவரை முடக்குவது உடல் குறைபாடு அல்ல, படிக்கட்டை மட்டும் கட்டிவிட்டு நிற்கிற சமூகம்தான். குறை பிள்ளையிடம் இல்லை என்பதால், பெற்றோர் தங்கள் துயரத்தைப் பேசத் தனி நேரம் வேண்டும், பிள்ளைக்கும் தனி நேரம் வேண்டும்.

தம்பிக்குப் பேச்சு தெளிவாக வராது, எழுத்துப் பலகையைக் காட்டித்தான் பேசுவான். அவனிடம் எதைக் கேட்டாலும் அவன் விரல் நகர்வதற்குள் எங்களில் ஒருவர் பதில் சொல்லிவிடுவோம். எல்லா வீட்டிலும் நடப்பதுதான் இது. ஒருநாள் சோஷியல் வொர்க்கர், அவனிடம் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி எங்களை வெளியே அனுப்பினார். அவன் ஒவ்வொரு எழுத்தாகக் காட்டி முடிக்கும்வரை காத்திருந்து, அவன் அனுமதியோடு எங்களிடம் சொன்னார். குளிக்கும்போது கதவை மூட வேண்டும், அம்மா குளிப்பாட்ட வேண்டாம். பதின்ம வயதுப் பையன் கேட்டது அவ்வளவுதான். கைப்பிடி வைத்த குளியல் நாற்காலி, உதவிக்கு அப்பா, மூடிய கதவு என்று ஏற்பாடு மாறியது. 2006ல் ஐநா ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12வது பிரிவு, முடிவெடுக்க உதவி தேவைப்படுகிறவருக்கு அந்த உதவியைக் கொடுக்கச் சொல்கிறது. பெரிய சட்ட விஷயமாகத் தெரியும். வீட்டில் அது குளியலறைக் கதவிலிருந்து தொடங்குகிறது.

கூடப்பிறந்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். "எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்குவா?" என்ற கேள்வியைப் பெற்றோர் மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்கள். பதில் நாங்கள்தான் என்று யாரும் கேட்காமலே முடிவாகிவிடும். சின்ன வயதில் எங்களுக்குக் கிடைப்பதெல்லாம் "நீ சமத்து, புரிஞ்சுக்குவ" என்பதுதான். பெற்றோர் நல்ல உடம்போடு இருக்கும்போதே, சம்பந்தப்பட்டவரையும் கூடப்பிறந்தவர்களையும் உட்காரவைத்து, அவர் யாரோடு, எங்கே, எப்படி வாழ விரும்புகிறார், யாரால் எவ்வளவு செய்ய முடியும் என்று கேட்க வேண்டும். இதைப் பக்குவமாக நடத்தச் சொந்தக்காரர்களால் முடியாது, பயிற்சி பெற்ற ஒரு சோஷியல் வொர்க்கரால் முடியும். அந்தப் பேச்சில் யாராவது "என்னால இவ்வளவுதான் முடியும்" என்று சொன்னால், திட்டாமல் அதையும் எழுதிக்கொண்டு, மிச்சத்துக்கு வேறு என்ன ஏற்பாடு என்று அங்கேயே தேட ஆரம்பிக்க வேண்டும்.