வெள்ளம் எங்கும் ஒரே வண்டலைப் பரப்புவதில்லை

“ஒவ்வொரு வெள்ளமும் ஆற்றுச் சமவெளி முழுவதிலும் வளமான வண்டலைச் சமமாகப் பரப்புகிறது, அதனால் அங்கு எங்கும் ஒரே மண்தான்” என்ற செய்தி பரவலாகப் பகிரப்படுகிறது. இது பாதி உண்மை மட்டுமே. இதை நம்பிப் பயிரிடுவோர் இழப்பைச் சந்திக்கக்கூடும்.

கரையைத் தாண்டியதும் வெள்ளத்தின் வேகம் சட்டெனக் குறைவதால், கனமான மணலும் பருவண்டலும் ஆற்றை ஒட்டியே படிந்து இயற்கைக் கரைமேடுகளாக உயர்கின்றன, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களிமண் துகள்களோ நீருடன் சென்று, நீர் தேங்கும் தொலைவான தாழ்நிலங்களில் மெல்லப் படிகின்றன. ஆகவே ஒரே சமவெளியில் நீர் விரைந்து வடியும் மணற்பாங்கான மண்ணும், எளிதில் வடியாத கனத்த களிமண்ணும் அருகருகே அமையலாம்.

மேலும், ஆறு படியவைப்பதோடு அரிக்கவும் செய்கிறது. வளைந்தோடும் ஆறு வெளிவளைவின் கரையை அரித்து, உள்வளைவில் மணல்திட்டை வளர்த்தபடி பக்கவாட்டில் நகர்கிறது. அதனால்தான் இத்தகைய சமவெளிகளில் ஆழமாகத் தோண்டினால் அடியில் சரளையும் மணலும், மேலே நுண்வண்டலும், சில இடங்களில் முன்பு மேற்பரப்பாக இருந்து புதையுண்ட கருநிற மண்ணடுக்கும் தென்படுகின்றன. கரை உடைந்த இடத்தில் பாயும் வெள்ளம் நல்ல மேல்மண்ணை வாரிச்சென்று, ஊட்டம் குறைந்த மணலை விட்டுச்செல்வதும் உண்டு. இந்தச் சேதத்தைத்தான் அச்செய்தி முற்றிலும் மறைத்துவிடுகிறது.

வண்டல் வரத்தும் நிலையானதன்று. எகிப்தில் 1970இல் அசுவான் உயர் அணை கட்டி முடிக்கப்பட்ட பின், நைல் நதி கொண்டுவரும் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது.