சாஃப்ட்வேரைத் திறக்கும் முன்

புதுப் பொருள் ஒன்றை வடிவமைக்கச் சொன்னால் முதல் வேலையாகப் படங்கள் குவிந்த பின்டரெஸ்ட் தளத்தைத் திறப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. பத்துப் படம் பார்த்துவிட்டு வரைவதில் கற்பனை குறைவு, ஞாபகம்தான் அதிகம். 1991-இல் ஆய்வாளர்கள் ஜான்சன், ஸ்மித் இருவரும் வெளியிட்ட ஆய்வு பிரபலமானது. சிந்தாத காபிக் கோப்பை வரைய வேண்டும், உறிஞ்சுகுழல் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் காட்டிய மாதிரியில் குழல் இருந்தது. மாதிரியைப் பார்த்தவர்கள் பலர் குழலோடுதான் வரைந்தார்கள்!

கற்பனை முதலில் போக வேண்டிய இடம் பொருள் கைக்கு வரும் அந்த நிமிடம். உருவம் பிறகு. பிளாஸ்க் மூடியையே எடுத்துக்கொள்வோம். கை ஈரம், மறு கையில் குழந்தை. கழற்றிய மூடியை எங்கே வைப்பது? திறக்கும்போது ஆவி யார் பக்கம் அடிக்கும்? கழுவியபின் மரை இடுக்கில் தண்ணீர் தங்குமா? இப்படி இருபது காட்சிகளை எழுதுங்கள். வரையாதீர்கள்.

அடுத்து வேலைகளைப் பிரியுங்கள்: அடைப்பது, திறப்பது, ஊற்றுவது, மூடி தொலையாமல் இருப்பது. ஒவ்வொன்றுக்கும் 4 வழி யோசித்தால் 256 சேர்க்கைகள். வழிகளைக் கட்டங்களில் எழுதிச் சேர்த்துப் பார்க்கும் இந்த முறையைப் பரப்பியவர் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி. முக்கால்வாசி உதவாது, பரவாயில்லை. ஒட்டாது என்று தோன்றும் சேர்க்கைகளில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

பிறகுதான் வரைவது. ஏ4 தாளை மூன்று முறை மடித்தால் 8 கட்டம்; கட்டத்துக்கு ஒரு யோசனையாக 8 நிமிடத்தில் வரையுங்கள். தடித்த மார்க்கர்தான் வேண்டும். கூர்மையான பென்சில் கிடைத்தால் உடனே மூலைகளை வளைத்து அழகு பார்க்கத் தொடங்கிவிடுவோம். முதல் மூன்று கட்டங்களில் கடையில் இருப்பதே வரும். வந்து தொலையட்டும்.

தேறியதை அட்டையிலோ தெர்மாகோலிலோ நிஜ அளவில் வெட்டுங்கள். 1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினிக்கு முன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் வெறும் மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். அதில் எழுதுவதுபோல நடித்தும் பார்த்தார். கற்பனையைக் கையால் சோதிப்பது என்றால் இதுதான். மாறாக, கணினியில் வரையும் கேட் (CAD) மென்பொருளில் முதல் செவ்வகத்தை இழுத்து உயர்த்தியதுமே மனசு அதோடு ஒட்டிக்கொள்கிறது. நிஜப் பொருள் போலத் தெரியும் பளபள கணினிப் படம் (ரெண்டரிங்) வந்துவிட்டால் எதிரில் இருப்பவரும் வேலை முடிந்தது என்றே நினைப்பார்.

அதற்காக உற்பத்தியைக் கடைசிவரை மறக்கவும் கூடாது. மாதிரியை வெட்டிய மறுநாளே, பிளாஸ்டிக் வார்க்கும் அச்சைச் செய்பவரிடம் காட்டுங்கள். சுவருக்கு 1 முதல் 2 டிகிரி சரிவு இல்லாவிட்டால் பிளாஸ்டிக் அச்சில் உரசிச் சிக்கும். உள்ளே சுவரைத் தாங்கும் மெல்லிய முட்டின் (ரிப்) தடிமன், சுவர்த் தடிமனில் 60 சதவீதத்தைத் தாண்டினால் வெளிப்பக்கம் குழி விழும். அதை மறைக்கவும்தான் பல பொருள்களின் மேல் சொரசொரப்பு வைத்திருக்கிறார்கள்.