நண்டு உடைக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா?

போன வாரம் மண்டபம் ஊர் நண்டுக் கம்பெனியில் ஆலோசகரை வைத்து நடந்த அந்த ஐந்து நாள் 'கைசன்' (வேலையைச் சீர்செய்யும் ஜப்பானிய முறை) பற்றி ஆளாளுக்கு வாழ்த்துப் போட்டுவிட்டீர்கள். குழுப் படத்தையும் பார்த்தேன். பதினோரு பேர். நண்டு உடைத்துச் சதை எடுக்கிற ஓர் அக்காகூட அதில் இல்லை. மூன்று நாளாக மனசு ஆறவில்லை.

கைசன் என்பதே வேலை செய்கிறவர் தன் வேலையைத் தானே சீர்செய்வதுதான். திங்கட்கிழமை சொன்னதைப் புதன்கிழமை செய்து பார்த்து, சரிவராவிட்டால் மறுநாளே மாற்றுவதற்காகத்தான் ஐந்து நாள் வைக்கிறார்கள். செய்து பார்க்கிற கை அந்தப் பெண்களுடையது. அவர்களைக் கேட்காமல் எதைச் சீர்செய்தீர்கள்?

நானும் இந்தக் கரையில் ஒரு நண்டுக் கம்பெனியில் ஒன்பது வருடம் சூப்பர்வைசராக இருந்தவன். அவித்த நண்டு ஒரு கோடியில், தராசு மறு கோடியில். ஒவ்வொருவரும் சதைக் கிண்ணத்தோடு எழுந்து, ஈரத்தரையில் நடந்து, வரிசையில் நின்று திரும்ப வேண்டும். "தராசை நடுவுல வைங்க தம்பி" என்று ஓர் அக்கா இரண்டு தடவை சொன்னார். நான் மேலே சொல்லவில்லை. அடுத்த வருடம் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் அதையே படம் போட்டுக் காட்டினார், எல்லோரும் கைதட்டினோம். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்றுவரை உறுத்துகிறது.

"கூப்பிட்டாலும் பேச மாட்டார்கள்" என்பீர்கள். எப்படிப் பேசுவார்கள்? கிலோ கணக்கில் கூலி. ஒரு மணி நேரம் கூட்டத்தில் உட்கார்ந்தால் அந்தக் கூலி போச்சு. எதிரே மேனேஜர். வேலை வேகமானால் ஆளைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. கூட்ட நேரத்துக்கும் கூலி உண்டு, யாரையும் நிறுத்த மாட்டோம் என்று முதலில் வாய்திறந்து சொல்லுங்கள். அப்புறம் பாருங்கள்.

"அதெல்லாம் ஜப்பானில்தான் நடக்கும்" என்பதும் எனக்குப் பழகிய பதில். டொயோட்டாவில் கோளாறு கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து லைனையே நிறுத்தலாம். சரி, ஜப்பான் வேண்டாம். 1998-ல் சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டன் கம்பெனியின் பிரேக் பிரிவு, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசை வாங்கவில்லையா? அங்கே மெஷினில் நின்றவர்கள் நம் ஆட்கள்தானே?

ஆலோசகருக்குப் படிப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஓட்டுத் துண்டு எந்த மூட்டில் ஒடிந்து சதைக்குள் போகும் என்று அந்த விரல்களுக்குத்தான் தெரியும். காற்று மாறி நண்டு வராத நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறவர்களும் அவர்கள்தான். அதற்கு மட்டும் அவர்கள் வேண்டும், யோசனை கேட்க வேண்டாமா?

நேற்று பஸ் ஸ்டாண்டில் அந்த மண்டபம் கம்பெனியில் வேலை பார்க்கிற ஓர் அக்காவைப் பார்த்தேன். "மேசையத் திருப்பிப் போட்டுட்டாங்க தம்பி, இப்ப லைட்டு முதுகுல அடிக்குது" என்றார். அவர் நிழலே நண்டின் மேல் விழுகிறதாம். ஓட்டுத் துண்டு கண்ணுக்குத் தெரியவில்லையாம். இதை யாரிடம் சொல்வது என்று என்னைக் கேட்டார்.