‘வலிமை குறைந்த அமிலம் தோலைச் சுடாது’ என்பது உண்மையா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) மாணவர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில், ‘ஃபார்மிக் அமிலம் வலிமை குறைந்தது, ஆகவே கையுறையின்றித் தொடலாம்’ என்னும் மீள்பார்வைக் குறிப்பு பரவி வருகிறது. இது தவறு. ரப்பர் பாலை உறைய வைக்க இதே அமிலத்தைப் பயன்படுத்தும் தோட்டப்புறத்தில், இது மதிப்பெண்ணை மட்டும் இழக்கச் செய்யும் தவறன்று.

அமிலத்தின் வலிமை என்பது நீரில் அதன் மூலக்கூறுகளில் எவ்வளவு பங்கு அயனிகளாகப் பிரிகிறது என்பதை மட்டுமே குறிக்கும்: லிட்டருக்கு 0.1 மோல் செறிவில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஏறத்தாழ முழுவதும் பிரிய, ஃபார்மிக் அமிலத்தில் சுமார் 4 விழுக்காடே பிரிகிறது. ஆனால் எஞ்சியவை செயலற்றவை அல்ல. ஹைட்ரஜன் அயனிகள் செலவாகச் செலவாக அவையும் பிரிந்துகொண்டே வருவதால், சம அளவும் சம செறிவும் உள்ள இவ்விரு கரைசல்களையும் நடுநிலையாக்க ஒரே அளவு சோடியம் ஹைட்ராக்சைடுதான் தேவைப்படும். ரப்பர் துகள்களைச் சூழ்ந்த புரதப்படலத்தின் எதிர்மின்னூட்டத்தை நீக்கி, அவற்றை ஒன்றுதிரளச் செய்வதும் அந்த அயனிகளே.

தோலுக்கு நேரும் கேடு செறிவையும் அமிலத்தின் தன்மையையும் பொறுத்தது. கண்ணாடியையே அரிக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் வலிமை குறைந்த வகைதான். ‘ஃபார்மிக் அமிலம் எறும்பிலேயே இருக்கிறதே’ என்ற வாதமும் நிற்காது. அடர் ஃபார்மிக் அமிலம் கடுமையான புண்ணை உண்டாக்கும். கையுறையும் கண்காப்பும் அணிந்து, அமிலத்தைத்தான் நீரில் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். மேலே பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.