கையெழுத்துப் போடாத மூன்று பேர்

அமெரிக்க அரசியல் சாசனம் என்றாலே கையெழுத்துப் போட்ட 39 பேரைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு மரியாதை, கடைசி நாள்வரை அதே மண்டபத்தில் உட்கார்ந்திருந்து கையெழுத்துப் போட மறுத்த மூன்று பேர் மேல்தான். ஜார்ஜ் மேசன், எல்பிரிட்ஜ் கெர்ரி, எட்மண்ட் ராண்டால்ஃப்.

1787 செப்டம்பர் 12. சாசனத்தை எழுத நாலு மாதமாக ஃபிலடெல்ஃபியாவில் அடைந்து கிடந்தவர்கள் ஊருக்குக் கிளம்பத் துடித்துக்கொண்டிருந்த நேரம். குடிமக்களின் உரிமைகளை முகப்பிலேயே எழுதிவிடலாம், மாநிலங்களின் பிரகடனங்கள் கையில் இருக்கின்றன, சில மணி நேர வேலைதான் என்றார் மேசன். கெர்ரி தீர்மானம் கொண்டுவர, மேசன் வழிமொழிந்தார். ஒரு மாநிலம்கூட ஆதரிக்கவில்லை. அச்சடித்துக் கொடுத்த வரைவின் பின்பக்கத்திலேயே மேசன் தன் ஆட்சேபங்களை எழுதினார். எடுத்த எடுப்பிலேயே, இதில் உரிமைப் பிரகடனம் இல்லை என்றார்.

எதிர்த்தரப்பு சொன்ன பதிலைப் படித்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். பத்திரிகைச் சுதந்திரத்தில் கைவைக்க அரசுக்கு அதிகாரமே தரவில்லையே, பிறகு கைவைக்காதே என்று எதற்கு எழுத வேண்டும் என்று கேட்டார் சாசனத்தை ஆதரித்து எழுதிய ஹாமில்டன். கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கும். ஆனால் கலகமோ படையெடுப்போ இல்லாதபோது ஆட்கொணர்வு உரிமையை நிறுத்திவைக்கக் கூடாது என்று அதே சாசனம் சொல்கிறதே! அதை மட்டும் எழுதுவானேன்?

மக்கள் இந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. சாசனத்துக்கு ஒப்புதல் தர மாநிலங்கள் நடத்திய வாக்கெடுப்புகளைப் பாருங்கள். மாசசூசெட்ஸில் 187க்கு 168, அதுவும் திருத்தங்களைப் பரிந்துரைத்த பிறகு. வர்ஜீனியாவில் 89க்கு 79. நியூயார்க்கில் 30க்கு 27, மூன்றே ஓட்டு! வட கரோலினா 1789 நவம்பர்வரை ஒப்புதலே தரவில்லை. தாளில் எழுதும் தடுப்பு எதற்கு உதவும் என்று ஜெஃபர்சனுக்குக் கடிதம் எழுதியவர், சாசனத்தை உருவாக்கியவர்களில் முக்கியமானவரான மேடிசன். அவரே மன்ரோவை எதிர்த்து நாடாளுமன்றத் தேர்தலில் நின்றபோது உரிமைகளுக்கான திருத்தம் கொண்டுவருவேன் என்று வாக்குக் கொடுத்தார். 1789 ஜூன் 8இல் கொண்டுவந்தும் விட்டார். ஓட்டுக்காக மாறினார் என்று சிலர் இளக்காரமாகச் சொல்வார்கள். ஓட்டுப் போடுகிறவனுக்குப் பயந்து உரிமையை எழுதிக் கொடுத்தால் அதைவிட நல்ல பயம் வேறென்ன இருக்கிறது?

மேசனைப் புனிதராக்க எனக்கு மனமில்லை. அடிமை வணிகத்தைச் சபையிலேயே கடுமையாகக் கண்டித்தவர், தன் பண்ணையில் அடிமைகளை வைத்திருந்தார். அவர் கேட்ட எந்த உரிமையும் அந்த மனிதர்களுக்குப் போய்ச் சேரவில்லை. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ்ந்தால் அது பொய்.

1791 டிசம்பர் 15 அன்று வர்ஜீனியா, அவருடைய சொந்த மாநிலம், ஒப்புதல் தந்ததும், உரிமைகளைச் சொல்லும் முதல் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின. சாசனத்தை எதிர்த்ததால் வாஷிங்டனின் பழைய நட்பையே இழந்திருந்தார் மேசன். அடுத்த அக்டோபரில் தன் வீட்டிலேயே இறந்துபோனார்.